ஜாக்கியா, கட்டையா? கேரவனை மட்டத்துக்குக் கொண்டுவரும் கணக்கு

கேரவன் வாங்க வருபவருக்கு விற்பவர் கடைசியாகக் காட்டுவது, வண்டியைத் தானாக மட்டத்துக்குக் கொண்டுவரும் ஜாக்கியின் பட்டனைத்தான். அமுக்கினால் நான்கு மூலையிலும் இரும்புக் கால்கள் இறங்கும், வண்டி லேசாக முனகும், ஓரிரு நிமிடத்தில் பச்சை விளக்கு எரியும். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் காங்கிரீட் தளம் போட்ட ஷெட்டுக்குள் இது தவறவே தவறாது. அதே வண்டி, அக்டோபர் மழை ஓய்ந்த மறுநாள், சக்லேஷ்பூர் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்தில் நிற்கட்டும். பாதத் தகடு சருகைத் துளைத்து ஈரமண்ணில் நான்கு விரற்கடை இறங்கிய பிறகும் மட்டம் வராமல் அடுத்த காலை நீட்டிக்கொண்டே இருக்கும்.

பெங்களூருவிலிருந்து ஏலகிரி, ஏற்காடு, குடகு என்று வார இறுதியில் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் வண்டி கட்டக் கொடுக்கும்போது தவறாமல் கேட்பது: ‘தானியங்கி ஜாக்கி போட்டுவிடலாமா, டயருக்குக் கீழே வைக்கும் கட்டையே போதுமா?’ வண்டியின் எடை, உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ், நிறுத்தப்போகும் மண் என்று மூன்றைப் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இதில் முதல் இரண்டையும் விசாரிப்பவர்கள் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

தானியங்கி ஜாக்கி அமெரிக்க ஃபிஃப்த் வீல் கேம்பர்களில் ஊறிய வழக்கம். நம்மூர் கன்டெய்னர் லாரியில் இழுக்கும் முன்வண்டியின் முதுகில் டிரெய்லரின் இணைப்பு முளை (கிங் பின்) உட்காருகிறதே, அதே ஏற்பாடுதான். அங்கே பிக்கப்பின் தொட்டிக்குள் உட்காரும். 5 முதல் 7 டன் வரை எடை சாதாரணம். அதில் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் மேல் இருக்கும். கழற்றியதும் அந்தப் பாரம் அப்படியே முன்கால்கள் இரண்டின் தலையில் விழும். அதனால் முன்னால் 2, ஆக்ஸில்களை ஒட்டி முன்னும் பின்னும் 4 என ஆறு கால்கள் வைக்கிறார்கள். அத்தனை கனத்தைக் கையால் திருகி ஏற்றினால் தோள்பட்டை போய்விடும். நம் சாலைகளில் அந்த வகை வண்டி இல்லை என்றே சொல்லலாம். இங்கே ஓடுபவை வேன் சேசிஸ் மேல் கட்டிய 4 டன் மோட்டார் ஹோம்களும், எஸ்யூவி இழுக்கும் ஒன்றரை டன்னுக்கு உட்பட்ட ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர்களும். அங்கே தவிர்க்க முடியாத சாமான் என்பதாலேயே இங்கேயும் அது வேண்டும் என்றாகாது.

எவ்வளவு மட்டம் போதும்?

முதலில் ஃப்ரிட்ஜைக் கேளுங்கள். கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்றால் மட்டம் கட்டாயம். அதில் பம்ப் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தானாக இறங்கித்தான் சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்தால் திரவம் குழாயின் வளைவுகளில் தேங்கும், பாய்லர் காயும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் கட்டிபட்டு உள்குழாயை அடைக்கும். ஒருமுறை அடைத்தால் குளிர்ச்சிக் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் எல்லை பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி.

பெங்களூருவில் கட்டும் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான் வருகிறது. அது இதைவிடப் பல மடங்கு சாய்வைச் சட்டை செய்யாது. அப்படியானால் மிச்சம் இருப்பது மனிதர்களின் வசதி மட்டுமே: குளியல் தண்ணீர் வடிகாலுக்குப் போக வேண்டும், தலைமாடு தாழக் கூடாது, கதவு தானாகத் திறக்கக் கூடாது, தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடக் கூடாது. 1 டிகிரிக்குள் கொண்டுவந்தால் இதெல்லாம் சரியாகிவிடும். பத்தில் ஒரு டிகிரி துல்லியத்துக்கு லட்சங்களில் செலவழிப்பது, வேண்டாத வேலை.

அளக்க ஆப் எதுவும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் 1 மீட்டர் ரசமட்டம் போதும். வண்டித் தரையில் குறுக்காக வையுங்கள். தாழ்ந்த முனையை, குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, கீழே விழும் இடைவெளியை அளங்கள். 44 மி.மீ வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (அது 2.5 டிகிரி). இடது டயரின் நடுவுக்கும் வலது டயரின் நடுவுக்கும் 1.9 மீட்டர் என்றால், 44-ஐ 1.9-ஆல் பெருக்க ஏறக்குறைய 84 மி.மீ. தாழ்ந்த பக்கச் சக்கரம் அவ்வளவு உயர வேண்டும், 40 மி.மீ பலகை இரண்டு போட்டால் 80. மிச்சமிருக்கும் 4 மி.மீ யாருக்கும் தெரியாது. அடுத்தமுறை ரசமட்டம் பார்த்த உடனேயே எத்தனை பலகை என்று வாய் சொல்லிவிடும்.

கட்டை

கட்டை என்றதும் சாலையோரத்தில் கிடக்கும் ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ எடுத்து வைக்கிறார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் இந்த வேலையில் கிடையாது. மரம் நசுங்கும், முனகும், பிளக்கும், எதுவானாலும் எச்சரிக்கும். ஹாலோ பிளாக் எச்சரிக்காது. ஒரு மூலையில் கூழாங்கல் நெருடினால் போதும், நொடியில் தூளாகிவிடும்.

மரத்தில் சால் என்னும் கடின மரம் நல்லது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் பலகை வாங்கினால் ஜாக்கிப் பாதம் அதில் அச்சுக் குத்திவிடும்; பேக்கிங் பெட்டிக்கு ஏற்ற மரம் அது. தைலமரம் காயக் காயப் பிளக்கும். மரமே வேண்டாம் என்றால், சென்ட்ரிங்குக்குப் பயன்படுத்தும் ஃபிலிம் ஒட்டிய 19 மி.மீ பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகு போட்டால் 38 மி.மீ பலகை தயார். ஆனால் வழுவழுப்பான முகத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். பெயின்ட் அடிக்கவே கூடாது. மழையில் நனைந்த பெயின்ட் பலகை மேல் டயர் ஏறினால் பலகை பின்னால் பறக்கும்.

ஒற்றை ஆக்ஸில் டிரெய்லருக்கு ஒரு செட் இப்படி இருக்கட்டும்: 40 மி.மீ கனம், 22 செ.மீ அகலத்தில் 75 செ.மீ நீளப் பலகை 2, அதே கனத்தில் 45 செ.மீ பலகை 2, 20 மி.மீ கனத்தில் 45 செ.மீ பலகை 1. ஜாக்கிப் பாதங்களுக்கு 30 செ.மீ சதுரக் கட்டை 5. முட்டுக்கட்டை 4. ஏறும் பக்க ஓரத்தை 45 டிகிரிக்குச் சீவிவிட்டால் டயர் முட்டாமல் ஏறும். 75 செ.மீ சால் பலகை ஒன்று ஐந்தரை கிலோவுக்கு மேல் எடை போடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கனம் ஆகாது என்பவர்களுக்குக் கோத்து அடுக்கும் பிளாஸ்டிக் கட்டையும், பிறை வடிவ ஏற்றக் கட்டையும் உண்டு. பிறைக்கட்டையில் டயரை மெல்ல நகர்த்தி வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம், பலகை எண்ணும் வேலையே இல்லை. ஆனால் பிளாஸ்டிக்குக் கீழே பள்ளமோ கூர்ங்கல்லோ இருந்தால் விரிசல் விடும். சமமான மண்ணில் முழு வயிறும் படிந்திருக்க வேண்டும்.

டயரின் அகலம் முழுவதும் பலகை மேல் இருக்க வேண்டும். இரண்டு விரல் வெளியே தொங்கினாலும் பாரம் உள்ளிருக்கும் எஃகு அடுக்கின் ஓரத்தில் குவியும். இரட்டை ஆக்ஸில் என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் ஒரே உயரத்துக்கு ஏற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் பாரமெல்லாம் அந்த ஒரு ஸ்பிரிங் கட்டின் மேல்.

வரிசை மாறவே கூடாது. இழுக்கும் வண்டி மாட்டியிருக்கும்போதே பக்கவாட்டு மட்டம். பிறகு உயர்ந்த பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதற்குப் பிறகுதான் கழற்றுவது. முன்பின் மட்டத்தை டோ பாரின் (டிரெய்லரின் முன்னால் நீளும் இணைப்புக் கம்பி) முனையில் இருக்கும் திருகு ஜாக்கி பார்த்துக்கொள்ளும். அதற்கும் ஆக்ஸிலுக்கும் 3.6 மீட்டர் இருந்தால் ஒரு டிகிரிக்கு 63 மி.மீ திருக வேண்டும். மூலைக்கால்கள் கடைசி. அவை ஆட்டத்தை நிறுத்த வந்தவை, தூக்க வந்தவை அல்ல. ஸ்பேனரைப் போட்டு இறுக்கி மூலையைத் தூக்கப் பார்த்தால் காலோடு சேசிஸும் வளையும்.

ஒரு ஆள், ஒரு ரசமட்டம், பத்துப் பதினைந்து நிமிடம். கட்டை வழி அவ்வளவுதான். செலவு சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், கெட்டுப்போக எதுவும் இல்லை. மழையில், இருட்டில், வயதானவர்கள் தனியாகச் செய்ய முடியாது என்பது மட்டுமே இதன் நிஜமான குறை.

தானியங்கி ஜாக்கி

மோட்டார் ஹோமுக்கு வருவது பெரும்பாலும் நான்கு கால் ஹைட்ராலிக். 12 வோல்ட் மோட்டார், ஆயில் பம்ப், வால்வுக் கட்டு, சாய்வை உணரும் பெட்டி. எல்லாம் சேர்ந்து அறுபது கிலோவைத் தொடும்; கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஏசி எல்லாம் ஏற்றி, அனுமதித்த மொத்த எடையின் விளிம்பில் ஏற்கெனவே நிற்கும் வேனுக்கு இது ஒரு ஆளின் பாரம். பொருத்தும்போது சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ்ப் பட்டைகளில் துளை போட விடாதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம். நடுத்தகட்டில் போல்ட் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

விற்பவர் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. காலின் நீட்டம் 350 மி.மீ என்று எழுதியிருக்கும். மடக்கிய நிலையில் பாதம் தரையிலிருந்து 200 மி.மீ உயரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடுவதற்கே 200 போய்விட்டது. தூக்க மிஞ்சுவது 150. முன்கால் பின்காலுக்கு இடையே 3.8 மீட்டர் இருந்தால், அது சரிசெய்யும் சாய்வு 2.3 டிகிரி கூட இல்லை. நம் மலைத் தோட்டங்களில் 3 டிகிரி சாய்வு கண்ணுக்கே தெரியாது. பெட்டி ‘நீட்டம் முடிந்தது’ என்று கைவிரித்துவிடும். இப்போது முன்பாதங்களுக்குக் கீழே 100 மி.மீ கட்டை வையுங்கள்: தூக்க 250 கிடைக்கும், 3.7 டிகிரி வரை போகலாம். பல லட்ச ரூபாய்ச் சாமானின் திறனை இரண்டு மரத்துண்டு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆக்குகிறது.

அதிலும் ஒரு பொறி உண்டு. தூக்கத் தொடங்கியதும் முதலில் ஸ்பிரிங்தான் நீளும். அது முடிந்ததும் சக்கரம் தரையை விடும். முன்சக்கரம் எழுந்தால் பரவாயில்லை. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவை எழுந்துவிட்டால் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது நான்கு ஒல்லிக் கம்பிகள் மட்டுமே. அதனால் மோட்டார் ஹோமை எப்போதும் மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள், முன்பக்கம் உயரட்டும். சரிவு அதிகம் என்றால் முன்சக்கரங்களை முதலில் பலகையில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் பட்டனிடம் விடுங்கள்.

மின்சாரத்தில் பலர் குழம்புவது பேட்டரியின் அளவில். பம்ப் 100 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு அது 3, 4 ஆம்பியர்-மணிதான். தீர்ந்துபோவதில்லை, வோல்டேஜ்தான் விழுகிறது. பம்ப் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி, 16 சதுர மி.மீ கேபிளில் இணைத்திருந்தால் போக வர 10 மீட்டரில் 1.1 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். பெட்டி குறைந்த வோல்டேஜ் என்று பாதியில் நிற்கும். பேட்டரிமேல் பழி விழும். 35 சதுர மி.மீ கேபிள் போட்டால் அரை வோல்ட்தான் இழப்பு. என்ஜினை ஓடவிட்டு அமுக்கினால் இன்னும் நல்லது.

விடியற்காலையில் வண்டி இரண்டு மூன்று மி.மீ இறங்கியிருந்தால் கசிவு என்று பதற வேண்டாம். வெயிலில் சூடான ஆயில் இரவுக் குளிரில் சுருங்குகிறது. ஆயில் அளவை எல்லாக் கால்களையும் மடக்கிய பிறகே பார்க்க வேண்டும். நீட்டிவைத்துப் பார்த்து ஊற்றினால் மடக்கும்போது தொட்டி வழியும். நிஜமாகவே கவனிக்க வேண்டியது மட்டப் புள்ளி, அதாவது ‘இதுதான் மட்டம்’ என்று பெட்டியில் பதிந்திருக்கும் நிலை. பெட்டி தன் இடத்தில் திருகு தளர்ந்து சற்றே திரும்பியிருந்தால், சாய்ந்த வண்டியைப் பார்த்தே பச்சை விளக்கு போடும். வருடம் ஒருமுறை, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ரசமட்டம் வைத்துக் கையால் மட்டத்துக்குக் கொண்டுவந்து, புள்ளியைப் புதிதாகப் பதிய வேண்டும்.

கையால் இயக்கும்போது கால்களை ஜோடியாகவே இறக்குங்கள்: முன் இரண்டு, அல்லது ஒரு பக்கத்து இரண்டு. ஒற்றை மூலையைத் தூக்கினால் சேசிஸ் முறுக்கும். கதவு பிடிக்கும், கண்ணாடி ஓரத்து சீலன்ட் பிளக்கும், அடுத்த மழையில் அங்கேதான் ஒழுகும்.

ரிப்பேர் விஷயத்தில் ஹைட்ராலிக்குக்கே நம் ஓட்டு. திருகு வைத்த மின் ஜாக்கிகளில் மோட்டாரோ கியரோ போனால் அதே உருப்படி வர வேண்டும். ஹைட்ராலிக்கில் ஹோஸ் வெடித்தால் ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துக் கொடுப்பவரே அதையும் அடித்துத் தருவார், சீலும் கிடைக்கும். கன்ட்ரோல் போர்டு மட்டும் இறக்குமதி. அதற்காகக் காத்திருக்கும் நாட்களில் காலை மடக்க வழி தெரிந்திருக்க வேண்டும். வால்வுக் கட்டில் கையால் திறக்கும் திருகு எது என்று வண்டியை எடுக்கும் அன்றே காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டத் தெரியாதவரிடம் பொருத்த வேண்டாம்.

மண்ணுக்கு வருவோம்

4 டன் வண்டியில் ஒரு காலுக்குச் சுமார் 1,000 கிலோ. 23 செ.மீ விட்டமுள்ள பாதத் தகட்டின் பரப்பு 415 சதுர செ.மீ, சதுர செ.மீ-க்கு 2.4 கிலோ அழுத்தம். 70 கிலோ ஆள் ஒற்றைக் குதிகாலில் நின்றாலும் ஏறக்குறைய இதே அழுத்தம்தான். ஆக, கால் இறங்கப்போகும் இடத்தில் செருப்போடு ஒற்றைக் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். குழி விழுந்தால் பாதமும் புதையும். 40 செ.மீ சதுரக் கட்டை வைத்தால் அழுத்தம் 0.6 கிலோவாகிவிடும், கால்வாசி. ஒரே பலகை என்றால் நடுவில் வளையும்; 40 மி.மீ பலகைகளை மேல் அடுக்குக்குக் கீழ் அடுக்கு குறுக்காக வைத்து இரண்டு அடுக்காக்குங்கள். கிரேன்காரர்கள் போடும் பிளாஸ்டிக் பேட் கிடைத்தால் இதைவிட உத்தமம். ஓரத்தில் கயிறு மாட்டியிருப்பதால் சேற்றிலிருந்து இழுத்து எடுக்கலாம்.

செம்மண் வெயிலில் கல் மாதிரி இருக்கும். இரவு ஒரு மழை பெய்தால் மேல் இரண்டு அங்குலம் களியாகிவிடும். தோட்டங்களில் சருகையும் தளர்ந்த மேல்மண்ணையும் மண்வெட்டியால் வழித்துவிட்டுத்தான் கட்டை வைக்க வேண்டும். ஊருக்குள் 30க்கு 40 அடி சைட்டில் மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் டயருக்குக் கீழேயும் பலகை போடுவது நல்லது. 65 பிஎஸ்ஐ காற்றடித்த டயர் மண்ணை அழுத்துவது சதுர செ.மீ-க்கு சுமார் 4.5 கிலோ, ஜாக்கிப் பாதத்தைவிட அதிகம்.

யாருக்கு எது

ஒன்றரை டன்னுக்குள் டிரெய்லர், கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்: கட்டை மட்டும். தானியங்கி பற்றி யோசிக்கவே வேண்டாம்; அந்தப் பணத்தில் நல்ல பிரேக்கும் இரண்டாவது பேட்டரியும் போடலாம்.

மோட்டார் ஹோம், ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவர்கள்: முன்சக்கரத்துக்குப் பிறைக்கட்டை இரண்டு. வண்டிக்குள் நடக்கும்போது ஆடுவது பிடிக்கவில்லை என்றால் பின்னால் ஆட்டம் நிறுத்தும் கால் இரண்டு.

மோட்டார் ஹோம், தினம் ஓரிடம், ஓட்டுபவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, அல்லது வண்டியில் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ்: நான்கு கால் ஹைட்ராலிக் போடுங்கள். கூடவே 40 செ.மீ கட்டை நான்கும், முன்சக்கரப் பலகை இரண்டும். ‘ஜாக்கிதான் இருக்கிறதே, கட்டை எதற்கு’ என்று கேட்பவர் இன்னும் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. வாடகைக்கு விடும் வண்டி என்றால் மட்டும் தானியங்கியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பின்சக்கரம் எழுந்ததா, பாதம் புதைந்ததா என்று பார்க்கத் தெரியாத கைகளில் அந்தப் பட்டன் வம்பு.

கிளம்பும்போது டிரெய்லருக்கு மூலைக்கால் முதலில், முட்டுக்கட்டை கடைசியில்; கப்ளிங் பூட்டு விழுந்த சத்தம் கேட்கும்வரை முட்டுக்கட்டையைத் தொடாதீர்கள். ஹைட்ராலிக் கால் சேற்றில் உறிஞ்சிப் பிடித்திருந்தால், மடக்கியாகிவிட்டது என்று விளக்கு சொன்னாலும், பாதத் தகடு மட்டும் அரை அடி கீழே தொங்கிக்கொண்டிருக்கலாம். கேமராவில் அது தெரியாது. நான்கு மூலையிலும் குனிந்து பார்த்துவிட்டு, கட்டைகளை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு, சாவியைத் திருப்புங்கள்.